முப்பது வயது போர்தோவைக் குமுளியில் திறப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாரிஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவருடைய சித்தப்பாவும் சித்தியும் ஊருக்கு வந்தபோது ஐந்து பாட்டில் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் கொடுத்திருக்கிறார்கள். 1996 பொய்யாக், 1998 சேன்-தெமிலியோன் (இவை இரண்டும் போர்தோ வட்டாரத்து ஒயின்), 1999 ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் (இது பர்கண்டி வட்டாரம்), 2001 ஷாத்தோநெஃப்-து-பாப், 2011 பொஷோலே நுவோ. எண் என்பது திராட்சை பறித்த வருஷம். குமுளியில் நண்பர் வீட்டு விருந்தில் ஏழெட்டுப் பேர் கூடும்போது ஐந்தையும் திறக்கலாமா? எத்தனை மணி நேரம் முன்னாலேயே திறந்து வைக்க வேண்டும்? கறிச்சோற்றோடு ஒத்துப்போகுமா? இவ்வளவு பழசு என்பதால் போதை ஜாஸ்தியாக இருக்குமா? விற்றால் என்ன விலை போகும்? பாட்டில்கள் ஆறு மாதமாக பீரோவில் துணிக்கு அடியில் இருக்கின்றனவாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பீரோவைத் திறந்து அவற்றை வெளியே எடுங்கள். கம்பத்துச் சித்திரை வெயிலில் இரும்பு பீரோவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒயினுக்குப் பிடித்த சூடு 12 முதல் 14 டிகிரி. அதற்கு மேலே போய் 30-ஐத் தாண்டி மாதக்கணக்கில் இருந்தால் பழ வாசம் வெந்துபோய் ஜாம் காய்ச்சின மாதிரி ஆகிவிடும். பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கார்க் வாயிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பாக ஒழுகின தடம் இருக்கிறதா, ஒயின் மட்டம் கழுத்தை விட்டுத் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா? இதில் எது இருந்தாலும் அந்த பாட்டிலின் மேல் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். கழுத்து வரை நிறைந்து, கார்க் உள்ளே அமுங்கியபடி இருந்தால் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு ஃபிரிட்ஜில் ஒயின் வைக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். வருஷக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்துவிடும் என்பது சரிதான். விருந்து வரைக்கும் சில வாரம் என்றால் அந்துருண்டை போட்ட பீரோவை விட ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு ஆயிரம் மடங்கு மேல். இன்றைக்கே படுக்கவைத்துவிடுங்கள்.

அடுத்தது போதை. பாட்டிலுக்குள் போனபிறகு ஆல்கஹால் ஏறுவதே இல்லை. 1996 போர்தோவில் பெரும்பாலும் பன்னிரண்டரை சதவீதம்தான் இருக்கும், லேபிளிலேயே போட்டிருக்கும், இன்றைக்கும் அதே அளவுதான். ஷாத்தோநெஃப் மட்டும் பதினாலைத் தொடலாம். வயதானால் வேறு ஒன்று நடக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின், புது ஒயினில் பாக்கு மென்ற மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும். வருஷம் போகப் போக அந்த டானினும் நிறத்தைக் கொடுக்கிற பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடியில் மண்டியாக இறங்கிவிடும். அதனால்தான் பழைய சிவப்பு ஒயின் வெளிறிக்கொண்டே போகிறது. கத்தரிப்பூ நிறத்தில் தொடங்கி, ஓரம் செங்கல் நிறமாகி, கடைசியில் முழுக்கவே பழுப்பாகிவிடும். பழ வாசம் ஒதுங்கி, பழைய தோல், புகையிலை, சீவின பென்சில், காளான், மழை பெய்த காட்டுத் தரை என்று வேறு வாசங்கள் மேலே வரும். துவர்ப்பு அடங்கி, புளிப்பு தெளிவாகத் தெரியும்.

ஆக, உங்கள் கையில் இருப்பது அடங்கின சரக்கு. பாட்டு, அரட்டை, மட்டன் சுக்கா எல்லாவற்றுக்கும் நடுவில் ஐந்தையும் வரிசையாகத் திறந்தால் ஏழு பேரில் ஒருவருக்கும் எதுவும் நினைவில் இருக்காது. சாப்பாட்டுக்கு முன்னால், நாக்கும் மூக்கும் சுத்தமாக இருக்கிற நேரத்தில், ஒரு ராத்திரிக்கு இரண்டே பாட்டில். கப்பலிலும் அப்புறம் ஓட்டல்களிலும் ஒயின் பரிமாறியே காலம் தள்ளியவன் என்கிற முறையில் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். கணக்குப் பார்த்தாலும் ஏழு பேருக்கு இரண்டு பாட்டில் என்றால் ஆளுக்கு இருநூறு மில்லி சொச்சம் வருகிறது. ருசி பார்க்க அது தாராளம். குடித்தவர் யாரும் அந்த ராத்திரி மலைப்பாதையில் வண்டியை இறக்க வேண்டாம், நண்பர் வீட்டிலேயே பாயை விரித்துவிடுங்கள்.

எந்த இரண்டு? முதல் விருந்துக்கு 1996-ஐயும் 1998-ஐயும் எடுங்கள். இரண்டும் போர்தோதான் என்றாலும் ஆற்றுக்கு இக்கரை அக்கரை. பொய்யாக் இருப்பது ஜிரோந்தின் இடது கரையில், மெதாக் பகுதியில். அங்கே சரளைக்கல் மண், கேபர்னே சொவிஞ்ஞோன் திராட்சை ராஜா. சேன்-தெமிலியோன் தோர்தோன் ஆற்றின் வலது கரைப் பக்கம். அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும், மெர்லோ அதிகம். மெர்லோ சீக்கிரம் பழுக்கும், கேபர்னே தாமதமாகப் பழுக்கும். சித்தப்பா தெரிந்து வாங்கினாரோ தெரியாமல் வாங்கினாரோ, வருஷங்கள் அழகாக அமைந்துவிட்டன. 1996 செப்டம்பரில் மெதாக்கில் குளிர்ந்த, காய்ந்த காற்று அடித்ததால் கேபர்னே நிதானமாகப் பழுத்தது. 1998-ல் செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் மெர்லோவைப் பறித்து முடித்திருந்தார்கள், கேபர்னே மாட்டிக்கொண்டது. அதனால் அந்த வருஷம் வலது கரைக்குக் கொண்டாட்டம். இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1996 நிமிர்ந்து, புளிப்பும் பென்சில் வாசமுமாக இருக்க வேண்டும். 1998 வழவழப்பாக, பழுத்த பிளம்மும் ஈர மண்ணுமாக இருக்க வேண்டும். புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதை விட இப்படி ஒரு தடவை குடித்துப் பார்த்தால் போதும், இரண்டு கரையும் மறக்காது.

பர்கண்டியையும் ஷாத்தோநெஃப்பையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் முழுக்க பினோ நுவார், மெல்லிய தோல் திராட்சை, நிறமே குறைவு. 1999 பர்கண்டிக்கு நல்ல வருஷம். ஷாத்தோநெஃப்பில் பெரும்பங்கு கிரனாஷ், கனமும் சூடும் உள்ளது. அன்றைக்கு பர்கண்டியை முதலில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் அது தண்ணீர் மாதிரி தோன்றும்.

2011 பொஷோலே நுவோவைப் பற்றி ஒரு வரி. அது நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வந்து அடுத்த கோடைக்குள் குடித்து முடிக்க வேண்டிய ஒயின். சித்தப்பா அதை ஏன் காப்பாற்றி வைத்தார் என்று தெரியவில்லை. விருந்துக்கு முந்தின நாள் நீங்கள் மட்டும் திறந்து ஒரு வாய் பாருங்கள், பழசானால் எல்லா ஒயினும் நன்றாகிவிடும் என்ற நினைப்பு அதோடு போய்விடும். உலகத்தில் செய்கிற ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருஷத்துக்குள் குடிக்கத்தான் செய்யப்படுகிறது.

இப்போது கம்பத்திலிருந்து குமுளிக்கு. சுமார் 400 மீட்டரிலிருந்து 900 மீட்டருக்கு ஏறுகிறீர்கள், ராத்திரியில் அங்கே நல்ல குளிர்ச்சி, ஒயினுக்கு அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மண்டி முழுக்கக் கலங்கிவிடும். விருந்து அன்று காரில் எடுத்துப்போகிற வேலையே வேண்டாம். நாலைந்து நாள் முன்னால் கொண்டுபோய் நண்பர் வீட்டு ஃபிரிட்ஜில் நிற்கவைத்துவிடுங்கள். கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் ஆடும். மண்டி அடியில் போய் உட்கார இரண்டு நாளாவது வேண்டும். இன்னொன்று, மாநில எல்லை தாண்டி மது கொண்டுபோக இரண்டு பக்கமும் தனித்தனி விதி இருக்கிறது. விமான நிலையத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் விடுவார்கள். சித்தப்பா, சித்தி இருவருக்கும் சேர்த்து நாலு லிட்டர், ஐந்து பாட்டில் மூன்றே முக்கால் லிட்டர், அங்கே மனிதர் கணக்காகத்தான் வந்திருக்கிறார். சோதனைச் சாவடிக்கு அந்தக் கணக்கு போதாது. முன்கூட்டியே கலால் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வம்பே வேண்டாம் என்றால் விருந்தைக் கம்பத்திலேயே, ஏசி அறையில் வைத்துக்கொள்ளலாம்.

விருந்து அன்று சாப்பாட்டு அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. பெண்கள் தலையில் மல்லிகை வைத்திருந்தால் யார் போய்ச் சொல்வது, அதை விட்டுவிடலாம். நண்பர் வீட்டில் ஏலக்காய் மூட்டை அடுக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குமுளியில் பாதி வீட்டில் இருக்கும். அந்த வாசத்துக்கு முன்னால் எந்த பிரெஞ்சு ஒயினும் நிற்காது.

ஃபிரிட்ஜிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னால் எடுத்து மேஜையில் நிற்கவையுங்கள், சாய்க்காமல். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்பது ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் அடிக்கும். கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஊற்றுங்கள், கிளாஸில் தானாக ஏறிவிடும்.

கார்க் எடுப்பதில் அவசரம் கூடாது. மேலே இருக்கிற உறையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, கார்க்கின் தலையில் கருப்பாகப் பூஞ்சணம் இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். அது ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அடையாளம், கெட்டுப்போனதற்கு இல்லை. சுருள் திருகியை நடுவில் குத்தி, கடைசிச் சுற்று வரை உள்ளே இறக்கி, மூச்சு விட்டு விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். முப்பது வருஷக் கார்க் பாதியில் முறியும், அல்லது பொடியாக உதிரும். இரண்டு மெல்லிய தகடு வைத்த கார்க் எடுப்பான் ஆன்லைனில் கிடைக்கிறது. தகடுகளைக் கார்க்கின் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மேலே எடுத்தால் முழுதாக வந்துவிடும். பொடி உள்ளே விழுந்தால் பதற வேண்டாம், சோப்பு போடாமல் வெந்நீரில் அலசின மல் துணியில் வடிகட்டிவிடலாம். டீ வடிகட்டியை எடுத்துவிடாதீர்கள், எவ்வளவு கழுவினாலும் அதில் டீ வாசம் இருக்கும்.

அடுத்தது ஊற்றுகிற கட்டம். 'மூன்று மணி நேரம் முன்னால் திறந்து மூச்சு விடவையுங்கள்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். புது ஒயினுக்கு அது சரியாக இருக்கலாம். இந்த வயதில் காற்றுதான் எதிரி. மிச்சமிருக்கும் வாசம் அரை மணியில் பறந்துபோகிற பாட்டில்களும் உண்டு. போர்தோ பல்கலைக்கழகத்தில் பல தலைமுறைக்கு ஒயின் சொல்லிக்கொடுத்த எமில் பெய்னோவும் அதைத்தான் சொன்னார். மண்டி இருந்தால் மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்று, அதையும் ஊற்றுவதற்குச் சற்று முன்னால் செய் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

மாற்றுவதற்கு டிகாண்டர் தேவையில்லை, வாசமில்லாத சுத்தமான கண்ணாடி ஜக் போதும். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் ஜக், பாட்டில் கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை எரியவிட்டு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஒரே சாய்ப்பில், நிறுத்தி நிமிர்த்தாமல், நூல் பிடித்த மாதிரி ஊற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் கழுத்து வழியே வெளிச்சம் மாதுளை நிறத்தில் தெளிவாகத் தெரியும். முக்கால் பாட்டில் தாண்டியதும் தோள்பட்டையில் புகை மாதிரி ஒரு கீற்று ஊர்ந்து வரும், அதன் பின்னால் கருப்பாகத் துகள் வரும். அந்தக் கீற்று கழுத்தைத் தொடும்போது நிறுத்திவிட வேண்டும். ஐம்பது மில்லி போனால் போகட்டும். அதையும் சேர்த்து ஊற்றினால் ஜக்கில் இருக்கிற அத்தனையும் கசக்கும். பர்கண்டிக்கு இந்த வேலையும் வேண்டாம், பாட்டிலிலிருந்தே கிளாஸ்களில் சாய்த்து ஊற்றிக்கொண்டு போய், கலங்கலாக வரும்போது நிறுத்துங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெள்ளை வேட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள். சுழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, சுழற்றிவிட்டு ஒரு தடவை மோந்து பாருங்கள். முதல் மோப்பத்தில் அடைத்து வைத்த அறை வாசம் வந்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். பத்து நிமிஷம் விட்டால் அது கலைந்துபோகும். கலையாமல் நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போனால் அது வேறு விவகாரம், கார்க் கெடுத்த ஒயின்.

குமுளியில் ஒரு விருந்தில் 1995 சேன்-ஜூலியன் ஒன்றைத் திறந்தோம். தோட்டக்காரர், டாக்டர் என்று ஆளாளுக்கு கிளாஸைச் சுழற்றி, லேபிளைப் பார்த்து, ஆகா என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த போடி ஏலக்காய் வியாபாரி மட்டும் மோந்து பார்த்துவிட்டு கிளாஸை மேஜையில் வைத்துவிட்டார். "அண்ணே, இது நனைஞ்சு காய்ஞ்ச சாக்கு வாடை. இந்த வாடையில ஒரு லாட் வந்தா நான் கையே வைக்க மாட்டேன்." அவர் அதற்கு முன் போர்தோ குடித்ததே இல்லை. அவர் சொன்னதுதான் சரி. டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு பொருள், கார்க்கில் பூஞ்சணம் குளோரின் கலவைகளோடு சேர்ந்து உண்டாக்குவது, ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஈர அட்டை, ஈரச் சாக்கு வாடை வந்து பழ வாசத்தை மூடிவிடும். உடம்புக்குக் கெடுதி இல்லை, ஆனால் வைத்தியமும் இல்லை. எவ்வளவு பெரிய லேபிள் ஆனாலும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டியதுதான். உங்கள் கூட்டத்தில் ஏலம், மிளகு, காப்பி வியாபாரம் பார்க்கிற ஆள் இருந்தால் முதல் கிளாஸை அவரிடம் நீட்டுங்கள். லேபிளை மட்டும் காட்டாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் ஒயின் என்றால் கம்பம் பன்னீர் திராட்சையில் சர்க்கரையும் கிராம்பும் போட்டுக் கிறிஸ்துமஸுக்கு இறக்குகிற இனிப்பு ஒயின்தான் பலர் நாக்கில் இருக்கும். அந்தத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல வாசத் திராட்சை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்போடு 1996 பொய்யாக்கை வாயில் வைத்தால் 'என்னப்பா புளிக்குது' என்பார்கள். இதில் இனிப்பே இருக்காது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹால் எரிச்சலையும் ஏற்றிவிடும், மெல்லிய வாசத்தை அடித்துவிடும். குடம்புளி போட்ட மீன்கறி, ஊறுகாய், ரசம், பீஃப் உலர்த்தியது எல்லாம் ஒயின் முடிந்தபிறகு வரட்டும், அதற்குத் தண்ணீரோ மோரோ போதும். ஒயினோடு வைக்க நம்மிடம் இருப்பதிலேயே சிறந்தது ஆப்பமும் மட்டன் ஸ்டூவும்தான். பச்சை மிளகாயை இரண்டாகக் குறைத்து, கறியை நன்றாக வேகவிட்டு, தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றினால் 1998 அதோடு இழைந்து போகும். சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மிளகு மட்டும் போட்டு நெய்யில் சுருட்டின ஆட்டுக்கறி 1996-க்கு. சைவம் சாப்பிடுபவர் இருந்தால் மொட்டுக் காளானை நெய்யில் வதக்கி உப்பு தூவுங்கள், பர்கண்டிக்கும் அதையே செய்யலாம். இதெல்லாம் முடியாது, பரோட்டாக் கடையிலிருந்துதான் வரும் என்றால் சால்னாவைத் தொடாமல் வெறும் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே ஒயினைக் குடியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும்.

விற்பது பற்றி. உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றம், அதோடு பேச்சு முடிந்தது. அப்படியே ஏலக் கம்பெனி ஒன்று கேட்டாலும் பாட்டில் இத்தனை வருஷம் எங்கே, எந்தச் சூட்டில் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள், பீரோ என்று சொல்ல முடியாது. போலியாக இருக்குமோ என்ற பயமும் வேண்டாம். போலி செய்பவர்கள் பெரும்பாலும் கை வைப்பது லட்சக்கணக்கில் விலை போகிற பாட்டில்களில். ரூடி குர்னியவான் என்பவர் அமெரிக்காவில் அப்படிச் செய்துதான் 2012-ல் கைதாகி, 2014-ல் பத்து வருஷத் தண்டனை வாங்கினார். அவர் மாட்டியதற்கு ஒரு காரணம், போன்ஸோ என்ற பர்கண்டிக் குடும்பத்தின் குளோ சேன்-தெனி ஒயின் என்று 1945 முதலான வருஷம் போட்ட பாட்டில்களை ஏலத்துக்கு விட்டது. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-ல். 2008-ல் லோரான் போன்ஸோ நேரிலேயே நியூயார்க் ஏலத்துக்குப் போய் நிறுத்தினார். உங்கள் சித்தப்பா பாரிஸ் கடையில் வாங்கின ஜெவ்ரேவுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

பாட்டில் மிஞ்சினால்? போர்தோ இரண்டும் மறுநாளைக்குத் தாங்காது, அன்றே முடித்துவிடுங்கள். அடுத்த விருந்தில் பர்கண்டிக்கும் அதே கதைதான். ஷாத்தோநெஃப் மட்டும் கார்க்கைத் திருப்பி அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கலாம். அடியில் நின்றுபோன மண்டியைத் துணியில் வடித்து மறுநாள் ஆட்டுக்கறி வேகும்போது ஊற்றிக்கொள்ளுங்கள். சாக்கு வாடை அடித்த பாட்டிலின் மண்டி மட்டும் வேண்டாம்.